மூன்றாவது தீவு

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்குகிறது. டிரைவரின் மனைவி அதை ஒரு கையால் அடக்கி, மறு கையால் கம்பியைப் பற்றி நிற்கிறாள். கீழே மாலை வெயிலில் கடல் தகதகக்கிறது. கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன. இடிந்த கோட்டைச் சுவரில் கொக்குகள் உட்கார்ந்திருக்கின்றன. இருபத்திரண்டு வருடமாக இங்கே சுற்றுலாப் பேருந்து ஓட்டிவரும் கணவர், வீடு திரும்பும்போதெல்லாம் இதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்வார். கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். இன்றுதான் ஓர் இருக்கை காலியாக இருந்து, அவளையும் கூட்டி வந்திருக்கிறார். வழிகாட்டிதான், "வண்டிய நான் பார்த்துக்கறேன், ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று துரத்தாத குறையாக மேலே அனுப்பியிருக்கிறார்.

"என்னங்க, ரெண்டு தீவுன்னுதானே சொல்வீங்க? இங்க மூணு இருக்கே!"

அவர் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறார். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான் இதுவரைக்கும் மேல வந்ததே இல்லம்மா. வண்டிய விட்டுட்டு எப்படி வர்றது? இறங்கி வர்றவங்க பேசிக்கிறதக் கேட்டுத்தான் உன்கிட்ட சொல்வேன்."

தனக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்க்கிறாள். வரவில்லை. யார் யாரோ கண்டதையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் அவளுக்கென்று கொண்டுவந்து சேர்த்த மனிதர், கடலைப் பார்க்கக் கூச்சப்பட்டு நிற்கிறார். அவள் நகர்ந்து இடம் விடுகிறாள்.

"இங்க வாங்க. தலை சுத்தினா என் கையப் பிடிச்சுக்குங்க."

அவர் வருகிறார். பார்க்கிறார். விரல் நீட்டித் தீவுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்: ஒன்று, இரண்டு, மூன்று.