வூட்ல டவர் கெடைக்குதா?

ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் டவரால் தட்டிப் போயிருந்தது. ரஞ்சித்குமாரின் வேடந்தாங்கல் வீட்டுக்குள் செல்போன் எடுக்காது என்று தெரிந்ததுமே பெண் வீட்டார் நழுவிவிட்டார்கள்.

"இந்த ஊரப்பாக்கத்துப் பொண்ணாவது தெகையணும். எதையாச்சும் ஒளறி வெக்காத," என்று வழியெல்லாம் ரஞ்சித்குமாரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள் அவன் அம்மா வேண்டா.

பெண் வீட்டில், "எம்புள்ள அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டான்," என்று கூசாமல் அளந்தாள். அவனும் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

தனியாகப் பேச இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

"சொல்லுங்க சார்," என்றாள் ஜெயப்பிரியா.

"சாரெல்லாம் இன்னாத்துக்கு? ரஞ்சித்துனே கூப்டு."

"உங்க வூட்ல டவர் கெடைக்குதா?"

"ஃபுல்லா கீது!"

"அப்பறம் ஏன் தெனமும் ஏரிக்கர மேல நின்னுகினு கத்துறீங்க?"

"உ... உனக்கு எப்டித் தெரியும்?"

"உங்க செல்போன் கம்பெனிலதான் கஸ்டமர் கேர்ல இருக்கேன். உங்க நம்பர் வந்தாலே எல்லாரும் என் தலையில தள்ளிடுவாங்க. 'டவர் குடுக்க வக்கில்ல, சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றீங்களா?'ன்னு திட்டுவீங்க. பின்னாடி கொக்கு, நாரை சத்தம் வேற. இப்ப நீங்க வாயத் தொறந்ததுமே கண்டுபுடிச்சிட்டேன்."

மூன்றாவதும் போச்சு என்று ரஞ்சித் படியிறங்கத் திரும்பினான்.

"நில்லுங்க. எனக்குச் சம்மதம்."

"இன்னாது?"

"ஆபீஸ்ல கஸ்டமர் எவ்ளோ திட்டினாலும் திருப்பித் திட்டக் கூடாது. வூட்ல அந்த ரூல் கெடையாதில்ல?"