கள்ளிக்குக் குடை

"கள்ளிச் செடிக்குக் குடை பிடிக்கிற கூத்தை எங்கயாவது பாத்திருக்கீங்களா, ட்வைட்?"

காரை விட்டு இறங்கும்போதே வெர்னா லாக்வுட் ஆரம்பித்துவிட்டாள்.

ரமோனா வீட்டு முன்வாசலில், ஜல்லிக்கு நடுவே, இடுப்பளவு சவாரோ கள்ளி ஒன்று. அதன் மேல், மஞ்சள் வாத்துகள் அச்சடித்த ரோஜா நிறக் கடற்கரைக் குடை ஒன்று, தெற்குப் பக்கம் தரையைத் தொடுமளவுக்குச் சாய்ந்து நின்றது.

"இந்தப் பாலைவன டூசானுக்குக் கடல் வரப்போகுதோ என்னவோ," என்றார் ட்வைட். "குடை முன்னாடியே வந்துடுச்சு."

"சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை தோட்ட உலாவுக்கு, வீடு வீடா சுத்திப் பாக்க நூத்தம்பது பேர் வராங்க."

வெர்னா இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டச் சங்கத் தலைவி. ட்வைட் செயலாளர்; அதாவது, வெர்னா சொல்வதை எழுதிக்கொள்கிறவர்.

தண்ணீர்க் குழாயும் கையுமாக ரமோனா எஸ்கலாண்டே ஓடி வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முன்வாசல் புல்தரையைத் தன் கையாலேயே பெயர்த்து எறிந்து, மெஸ்கீட் மர நிழலில் காட்டு மிளகாயும் அத்தியும் வளர்த்திருந்தாள். மூன்று வருஷம் மனுப்போட்டு, இந்த வருஷம்தான் அவள் வீடு உலாப் பட்டியலில் ஏறியிருந்தது.

"உலாவுக்காக எங்கம்மா பீனிக்ஸ்லேர்ந்து வராங்க, மிஸஸ் லாக்வுட்! இந்த மிளகாயைப் பாத்தீங்களா? போன கோடையில ஒரு இலைகூட..."

"குடையை எடு."

ரமோனாவின் சிரிப்பு நின்றது. "எடுத்தா செடி வெந்துடும்."

"எழுதிக்கோங்க ட்வைட். பாலைவனத்துல பொறந்த கள்ளி வெயில்ல வெந்துடுமாம்!"

ட்வைட் எழுதவில்லை. வாசல் கதவோரம் இருந்த துளி நிழலில் ஒதுங்கிக்கொண்டார்.

"ஏன் வேகுதுன்னு தெரியுமா உனக்கு?" வெர்னாவுக்கு வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது. "கள்ளிக்குத் தெற்குப் பக்கத் தோல் வருஷக்கணக்கா வெயில் பட்டுப் பட்டு மரத்துப்போனது. வடக்குப் பக்கம் கொழந்தைத் தோல். வேற எடத்துல நடும்போதும் தெற்கு தெற்கையே பாக்கணும். திருப்பி நட்டா ஒரே கோடையில பொசுங்கிடும். இந்த ஊர்ல தபால்காரனுக்குக்கூட இது தெரியும்."

"தெரியும், மிஸஸ் லாக்வுட்."

"தெரிஞ்சுமா திருப்பி நட்ட?"

ரமோனா குழாயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "தப்பு என்னோடதுதான்."

"முப்பது வருஷம் என் தோட்டத்துல வளந்த செடி. போன வருஷம் பாதை போடணும்னு மனசே இல்லாமத் தோண்டிக் குடுத்தேன். எது தெற்குன்னு உனக்குக் கொழப்பம் வரக்கூடாதுன்னு, அந்தப் பக்கத்துல என் கையாலயே அட்டை கட்டி அனுப்பினேன். எங்க அந்த அட்டை?"

"காத்துல போயிடுச்சு."

"போகும்! பொறுப்பில்லாதவங்க வீட்டுல எல்லாமே காத்துலதான் போகும்."

"விடுங்க வெர்னா," என்றார் ட்வைட். "ஒரு குடைதானே..."

"குடையில்ல, என் மானம்! யார் குடுத்த செடின்னு வர்றவங்க கேப்பாங்க. வெர்னா லாக்வுட் குடுத்ததுன்னு இவ சொல்லுவா. எனக்கு எப்படி இருக்கும்? குடையை இப்பவே எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா பட்டியல்லேர்ந்து பேரை அடிங்க."

ட்வைட் பேனாவைத் திறந்தார். ரமோனாவைப் பார்த்தார்.

அவள் கண் ஒரு கணம் மிளகாய்ச் செடிப் பக்கம் போய் வந்தது.

"அடிச்சுக்கோங்க சார். அம்மாகிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன். குடையை மட்டும் எடுக்கமாட்டேன்."

"அப்படி என்னத்தைத்தான் மூடி வெச்சிருக்க?" வெர்னா விறுவிறுவென்று போய்க் குடைக்குள் குனிந்தாள்.

"வேண்டாம், மிஸஸ் லாக்வுட்!"

தெற்குப் பக்கத் தோல் முழுக்க வெளுத்து, காய்ந்து, தழும்பேறிக் கிடந்தது. அது வெர்னா எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது, அந்தத் தழும்புக்கு நட்டநடுவில் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, நாலு மூலையும் பிசகாமல், ஒரு பச்சைக் கட்டம். கோடை முழுக்க அந்த இடத்தில் மட்டும் வெயில் படாமல் ஏதோ மறைத்திருக்கிறது. மேலே ஒரு முள்ளில் கம்பி முறுக்கிய துருத் தடம்.

அந்த அளவு வெர்னாவுக்குத் தெரியும். அவளே அட்டை கத்தரிக்கும் அளவு.

அட்டை தெற்கைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. ரமோனா அதன்படிதான் நட்டிருக்கிறாள்.

வெர்னா மெல்லக் கையை நீட்டி மறுபக்கத்தைத் தடவினாள். வடக்குப் பக்கம், செருப்புத் தோல் மாதிரி மரத்துப்போயிருந்தது; அவள் தோட்டத்தில் தெற்கைப் பார்த்திருந்தது அந்தப் பக்கம்தான். போன வருஷம் ஒரே மூச்சில் இருபது செடிக்கு அட்டை கட்டி, எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கை அது.

"என்ன வெர்னா?" வாசலிலிருந்து ட்வைட் எட்டிப் பார்த்தார். "உள்ள என்ன இருக்கு?"



ரமோனா குடையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, அந்தப் பச்சைக் கட்டத்தை மறைத்தாள்.

"ஒண்ணுமில்ல சார். நான் திருப்பி நட்டுட்டேன்ல, அதைத்தான் பாக்குறாங்க."