தேசாதிபதியின் கட்டளை

சோறு ஆறிக்கொண்டிருந்தது. தேசாதிபதியோ இன்னும் பாலைவனத்தைத் தாண்டவில்லை.

கணேசலிங்கம் கதிரையின் நுனியில் இருந்தபடி மேசையிலிருந்த சருவச்சட்டியைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த ஆனந்தராஜாவைப் பார்த்தார். அவர் வந்ததிலிருந்து இரண்டிலும் ஒரு மாற்றமும் இல்லை.

விமலாதேவி அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பினாள். பொடியன் சாப்பிட வேண்டும். வெறும் சட்டியோடுதான் மனுசன் வீடு திரும்ப வேண்டும். நேற்றுக் கொடுத்துவிட்ட புட்டு அப்படியே திரும்பி வந்ததில் அவளுக்குக் கோபம் பொடியன் மேல் இல்லை, புருஷன் மேல்.

"சாப்பிடும் தம்பி. கதைச்சுக் கதைச்சே சாப்பிடலாம்."

"ஓம் அங்கிள். இந்த இடத்தை மட்டும் கேளுங்கோ."

இந்த இடம் என்பது மெக்சிக்கோவுக்கும் வடக்கே, ஸ்பானிய ராச்சியத்தின் கடைசி எல்லை. அங்கே ஒரு மண்கோட்டை. அதற்கு ஒரு தேசாதிபதி, டொன் பாஸ்குவால். செத்து இருநூறு வருஷமாகிவிட்ட இந்த மனிதரைப் பற்றித்தான் ஆனந்தராஜா கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்கிறான்.

கணேசலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேராதனையில் சரித்திரம் படித்த பொடியன் யாழ்ப்பாண ராச்சியத்தை ஆராய்ந்தால் அதில் ஒரு ஞாயம் இருக்கிறது. விமானமேறி அவுஸ்திரேலியாவுக்கு வந்து, பிளாக்டவுனில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, எவனோ ஒரு ஸ்பெயின்காரனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறானே!

"டொன் எண்டால் ஆள் சிங்களவனோ?"

ஊரில் டொன் என்று பெயர் வைப்பது சிங்களவர்தானே; சிரிப்பான், சிரிக்கவாவது வாயைத் திறப்பான் என்ற நப்பாசையில் கேட்டார்.

ஆனந்தராஜா சிரிக்கவில்லை. இல்லை, அது ஸ்பானிய மரியாதைப் பெயர் என்று வகுப்பெடுப்பது போல விளக்கினான். சோறு இன்னும் கொஞ்சம் ஆறியது.

டொன் பாஸ்குவால் குதிரை கேட்டால் மேலிடம் ஒரு கோயில்மணியை அனுப்பியது. வெடிமருந்து கேட்டால் ஆசீர்வாதம் அனுப்பியது. இடமாற்றம் கேட்டால் பதவியை நீடித்தது.

கோட்டையில் பசி. விடிய விடிய ஆட்கள் குறைந்தார்கள். காலையில் பார்த்தால் படுக்கை இருக்கும், சிப்பாய் இருக்கமாட்டான்.

கணேசலிங்கம் சட்டியைத் தொட்டுப் பார்த்தார். பச்சைத்தண்ணீர் போலிருந்தது. குசினிக்குள் கொண்டுபோய்ச் சூடாக்கவும் வழியில்லை. அந்த அடுப்பை இப்போதைக்கு மூட்டக்கூடாது என்பதும் விமலாதேவியின் உத்தரவு.

"ஓடினவங்களைப் பிடிச்சுச் சுட்டிருப்பானே?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இனி இதற்கு ஒரு மணித்தியாலம்.

"இல்லை அங்கிள். அங்கதான் ஆளின்ர விசர் வெளிக்குது." ஆனந்தராஜாவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஓடுறவன் ஓடலாம். தண்டனை கிடையாது. ஆனால் என்னட்டை வந்து சொல்லிப்போட்டு ஓடவேணும். இதுதான் மனுசன் போட்ட கட்டளை."

"ஆராவது சொன்னாங்களோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இவர் வாசலடியிலயே நிண்டு பாத்துக்கொண்டிருந்தவராம்."

"விசரன்!" என்றார் கணேசலிங்கம், மனதார. எந்த விசரனைச் சொன்னார் என்று அவருக்கே நிச்சயமில்லை.

எழுந்துவிட்டார். சட்டி அங்கேயே இருக்கட்டும். விமலாதேவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது இந்தத் தேசாதிபதியைவிட மேல்.

ஆனந்தராஜா பின்னாலேயே வந்து, இலையான் வராமல் போட்டிருந்த கம்பிவலைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

கணேசலிங்கம் குனிந்து சப்பாத்தை மாட்டினார். அவனுடைய முகத்தைப் பாராமல் படியிறங்கினார். வழக்கதோசத்தில் வாய்வரை வந்த சொல்லை அப்படியே விழுங்கினார்.

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை.

போன கிழமையிலிருந்து வந்த சனமெல்லாம் அப்படித்தான் போனது. ஒருவர் பின் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல். முறை தெரிந்த சனம்.

எல்லாருக்கும் முதல் போனவள் அவனுடைய மனைவி கமலினி. அவளும் அப்படித்தான், ஆனந்தராஜா நூலகத்தால் வருவதற்கிடையில்.

காரின் கதவைத் திறந்த கணேசலிங்கம் திரும்பிப் பார்த்தார். பொடியன் இன்னும் உள்ளே போகவில்லை. கம்பிவலைக்குப் பின்னால், வாசலடியிலேயே நின்றான்.

"சனியன் பிடிச்ச தேசாதிபதி" என்று முணுமுணுத்தபடி கார்க் கதவை அடித்துச் சாத்தினார். புல்லை மிதித்துக்கொண்டு திரும்ப நடந்தார். விமலாதேவி அறிந்தால் கொன்றுவிடுவாள்.

படியடியில் நின்று அவன் முகத்தை நேரே பார்த்தார்.

"தம்பி, போட்டு வாறன்."

ஆனந்தராஜாவின் கை கம்பிவலையை இறுக்கிப் பிடித்தது. 

"ஓம் அங்கிள். போட்டு வாங்கோ."

உள்ளே போனான்.

கணேசலிங்கம் படியடியிலேயே நின்றார். கம்பிவலையினூடாக, சட்டியின் மூடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.