கயிற்றுக்குக் கால்சட்டை

"என்னம்மா இது, கயித்துக்குக் கால்சட்டை போட்டு விட்டிருக்கே?"

அண்ணன் தன் படகில் நின்றபடியே கேட்டான். இரண்டு பாய்மரப் படகுகளும் கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன.

தங்கை தன் படகின் முனையில் மண்டியிட்டிருந்தாள். நங்கூரக் கயிறு விளிம்பில் உரசும் இடத்தில், பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டிச் சுற்றி இறுக்கிக் கொண்டிருந்தாள்.

"உரசி உரசி அறுந்துடும்ணா. அதான்."

"அது என் ஜீன்ஸ் மச்சான்," என்றான் சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன். "மிச்சம் இருக்கற ஒரு காலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். படகுச் சங்கத்தின் பயிற்சியாளன் அவன். அடுத்த வாரப் போட்டியில் சங்கத்துப் படகுக்கு யார் கேப்டன் என்று முடிவு செய்கிறவனும் அவன்தான். தங்கையாயிற்றே என்று சலுகை காட்டுகிற ஆளா? மற்றவர்களை விட அவளிடம்தான் கெடுபிடி அதிகம்.

"இவ்வளவு கயிறு எதுக்கு விட்டிருக்கே? துணி காயப்போடவா?"

"கயிறு நீளமா படுத்திருந்தாதான் நங்கூரம் மண்ணைக் கவ்வும்னு நீதானே வகுப்புல சொன்னே?"

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கு. என் நங்கூரத்தோட கனமே போதும்." பொத்தானை அழுத்தினால் நங்கூரத்தைத் தூக்கும் தன் புது மோட்டாரைச் செல்லமாகத் தட்டிக் கொடுத்தான். "மழை வருது பார். இந்தக் காத்துக்கு உன் படகு அசையாம நின்னா, நீதான் கேப்டன். நகர்ந்துச்சுன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அவள் முன்தளத்து இரும்புக் கட்டையில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கினாள். கயிற்றின் கடைசி முனையைத் தனியாக இன்னொரு வளையத்தில் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். திரும்ப வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"என் மேலகூட உனக்கு இவ்வளவு சந்தேகம் வந்ததில்லையே," என்றான் கணவன்.

வானம் கறுத்தது. காற்று ஒரே பக்கமாக அடித்தாலாவது தேவலை. அன்றைக்கு அது பேய் பிடித்தது போல் சுற்றிச் சுற்றி அடித்தது. மழையில் கரையும் தெரியவில்லை, அண்ணன் படகும் தெரியவில்லை. அவள் நனைந்தபடியே கயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை கயிறு வெடுக்கென்று இழுபட்டது. அப்புறம் அது விறைப்பாக நின்றுவிட்டது.

மழை குறைந்தபோது பார்த்தால், அண்ணன் படகு கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

"பார்த்தியா, நகர்ந்து வந்துட்டே," என்றான் அண்ணன்.

"நீ நகர்ந்திருக்கலாம்ல?" என்றாள். கேட்டாளே தவிர, அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. கரை இன்னும் மழைக்குள்தான் இருந்தது. யார் எங்கே நின்றோம் என்று எதை வைத்துச் சொல்வது?

"நானா?" அண்ணன் பொத்தானை அழுத்தினான். மோட்டார் முக்கி முனகியது. அவன் நங்கூரம் இம்மியும் அசையவில்லை. "கேட்டியா? பாறையில கெட்டியா மாட்டியிருக்கு. மோட்டாராலயே அசைக்க முடியலை, காத்தா அசைச்சிருக்கும்? மனசைத் தளர விடாதேம்மா. அடுத்த வருஷம் நிச்சயம். நீ முதல்ல உன்னோடதை எடு, அப்புறம் என்னோடதைப் பார்த்துக்கலாம்." தன் நங்கூரச் சங்கிலியைத் தளர்த்தி விட்டான்.

அண்ணன் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீன்ஸ் துணியை அவிழ்த்தாள். துணி நைந்து நூல் நூலாகப் போயிருந்தது. உள்ளே கயிற்றில் ஒரு கீறல் இல்லை. அந்த மட்டும் நாம் செய்தது சரிதான் என்று நினைத்துக் கொண்டாள்.

கணவனும் வந்து கை கொடுத்தான். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வழக்கத்தை விடக் கனத்தது. கயிறு முடிந்து, அதன் நுனியில் பூட்டிய சங்கிலி தலைகாட்டியது. அவள் நங்கூரம் இன்னும் அடியில் சேற்றை விடுவதாக இல்லை. ஆனால் சங்கிலியின் நடுவில், கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு ஒன்று பளபளவென்று மேலே வந்தது.

அண்ணனின் புது நங்கூரம்.

"மச்சான்," என்றான் கணவன் மெதுவாக, "உங்க பாறை வந்துருச்சு."

அண்ணன் நங்கூரத்தைப் பார்த்தான். இரண்டு படகையும் அந்தக் காற்றில் பிடித்து நிறுத்திய ஒற்றைக் கயிற்றைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் மரியாதை போட்டுப் பேசினான்.

"கேப்டன், என் நங்கூரத்தைக் கொஞ்சம் கழட்டி விடுறீங்களா?"