ஈரப் பெயின்டும் ஒரு கிலோ உப்பும்

எங்கள் கட்டடத்து ஷவ்கியை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் அவர் என் மனைவியைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார். என் மனைவி இன்சாஃப் இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் அவருக்கு உப்பை நிறுத்தியிருந்தார். மகள் நாஹித் மொச்சை மசியலை ஊட்டினாள். ஒரு வாய் வாங்கியதும் முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு எங்கேருந்து உப்பு கிடைக்கும்? இந்த மன்சூரா ஊருல இருந்த உப்பு பூராவையும் இவன் வீட்டுக்காரி என் வண்டி மேல கொட்டிட்டுப் போயிட்டாளே!"

மூவரும் சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நடந்தது இதுதான்.

பல வருடங்களுக்கு முன்பு. நாஹித்துக்கு அந்த வாரம் வியாழக்கிழமை கல்யாணம். மணமகளை அழைத்துப்போகப் பெரிய வெள்ளைக் கார் அனுப்புவதாக மாப்பிள்ளையின் பெரியப்பா சொன்னார். ஷவ்கிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் பொண்ணு என் வண்டியிலதான் போவா."

"எந்த வண்டி? கோழி அடை காக்குதே, அதுவா?" என்றார் பெரியப்பா.

கேள்வி நியாயமானது. எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்தில் அந்த ஃபியட் பதினோரு வருடமாக நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் உண்மையாகவே ஒரு கோழி குடியிருந்தது.

ஷவ்கி மெக்கானிக் இல்லை. தபால் நிலையத்தில் தபால்தலை விற்று ஓய்வு பெற்றவர். ஆனாலும் இறங்கிவிட்டார். துருவைச் சுரண்டினார். ஓட்டைக்குத் தகரம் வைத்தார். பட்டி பார்த்துத் தேய்த்தார். பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் இயந்திரமாக மாற்றினார். அது ஓடினால் கட்டடம் முழுக்க விளக்கு மங்கும். "ஷவ்கி அடிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் டி.வி.யை அணைத்துவிட்டுக் காத்திருப்போம்.

பெயின்ட் அடிக்கிற அன்று முற்றத்துக் கதவைப் பூட்டிவிட்டார்.

"வியாழக்கிழமை வரைக்கும் ஒருத்தர் கண்ணும் இதுமேல படக் கூடாது."

தேநீர் கொண்டுபோகிற நாஹித்திடம் மட்டும் ஒரு சாவி.

அன்று திங்கள்; மாலை நான் வேலை முடிந்து திரும்பினேன். தெருமுனையிலேயே ஷவ்கியின் குரல் கேட்டது.

"வா ரகப், வா! உன் வீட்டம்மா பண்ணியிருக்கிற காரியத்தை வந்து பாரு!"

புதிதாக எது வந்தாலும் உப்புத் தூவிக் குலவையிடுவது எங்கள் பெண்களின் வழக்கம்தான். ஆனால் ஒரு சிட்டிகை தூவுவார்கள். இன்சாஃப் ஒரு கிலோ பொட்டலத்தோடு போய், குலவையிட்டபடியே, காயாத பெயின்டின் மேல் முன்னும் பின்னும் வாரி இறைத்திருந்தாள்.

ஷவ்கி தின்னரில் நனைத்த துணியால் வழித்துக்கொண்டிருந்தார். வண்டி முழுக்க ஒரே சேறு.

"ஏன் இன்சாஃப், ஈரமா இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"சந்தோஷத்துல மறந்துபோச்சு. திருஷ்டி பட்டுட்டா என்ன பண்றது?"

"இனிமே திருஷ்டி பட என்ன மிச்சம் இருக்கு?" ஷவ்கி அலறினார். "கருவாடு போடுற மாதிரி இல்ல போட்டு வச்சிருக்கே என் வண்டியை!"

"தப்புதான் அண்ணே. பெயின்ட் நான் வாங்கித் தரேன். நானே கடைக்குப் போய், பெரிய டப்பாவா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வரேன்."

"நீ ஒண்ணும் வாங்க வேணாம்!"

"வாங்கத்தான் போறேன். வேணாம்னா, வீட்டுல இன்னும் ஒரு கிலோ இருக்கு."

ஷவ்கி அவசரமாக வண்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

நாஹித் மாடிப்படியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. கல்யாணப் பெண்ணை அழவைத்துவிட்டாயே என்று இன்சாஃபை எல்லோர் முன்னாலும் திட்டினேன். மூன்று நாள் பேசவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கட்டடமே கூடித் தேய்த்தது. புதன்கிழமை மறுபடி விளக்குகள் மங்கின. வியாழக்கிழமை ஆலிவ் பச்சையில் பளபளவென்று வண்டி கிளம்பியது. மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை.

"கோழி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

ஹாரனும் குலவையுமாகத் தெரு கிழிந்தது. அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் இன்சாஃபின் பெயர் உப்புக்காரி. அவளும் கூப்பிட்டவுடன் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

ஷவ்கியை அடக்கம் செய்த அன்று நாஹித், துக்க வீட்டு வழக்கப்படி, எனக்குச் சர்க்கரை போடாத காபி கொண்டுவந்தாள்.

"உங்க அப்பா கடைசி வரைக்கும் இன்சாஃபை மன்னிக்கவே இல்லம்மா," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மாமா, அத்தை உங்ககிட்டகூடச் சொல்லலையா?"

"எதை?"

"அப்பாவுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது மாமா. தெரியாதுங்கிறதும் அவருக்குத் தெரியாது. அன்னிக்குப் பாதியில பெயின்ட் தீர்ந்துபோச்சு. அலமாரியில இருந்த வேற ஒரு டப்பாவை எடுத்து மிச்சத்தை அடிச்சிட்டார். வண்டி முன்பாதி பச்சை, பின்பாதி பழுப்பு. 'எப்படிம்மா இருக்கு?'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். 'பிரமாதம்ப்பா'ன்னு சொல்லிட்டு வந்து படியில உக்காந்து அழுதேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பாரேன்னு."

"அப்புறம்?"

"அப்பா கை கழுவப் போயிருந்தப்போ அத்தை வந்தாங்க. கதவைத் திறன்னாங்க, எட்டிப் பார்த்தாங்க. நேரா மேல போய் உப்புப் பொட்டலத்தோட இறங்கி வந்தாங்க. நீங்க வந்தப்போ நான் அழலை மாமா. சிரிப்பை அடக்க முடியலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பகடை ஆடும்போது அப்பாகிட்ட உளறிடுவீங்களாம்."

உளறியிருப்பேன்.

வண்டி இப்போது நாஹித்தின் வீட்டு வாசலில் நிற்கிறது. நான்கு கதவும் ஒரே பச்சை.