செத்தவன் மேல் பொறாமை

“அவன் செத்ததுக்கு அந்த அழுகை அழறியே, நான் செத்தா அப்படி அழுவியா?”

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்குள் நுழைந்ததுமே கணவர் வெடித்தார். கதாநாயகியாக நடித்த மனைவி முகப்பூச்சைத் துடைத்தபடியே, “இல்லைங்க, அது வந்து...” என்றாள்.

“நீ பேசாதே! அவன் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, உயிரே, உலகமேன்னு பத்து நிமிஷம் தனியாப் புலம்பறே. சபையே மூக்கைச் சிந்துது. வீட்டுல என்கிட்ட என்னைக்காவது அப்படி ஒரு வார்த்தை பேசியிருக்கியா? ‘குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்க.’ அதோட சரி!”

“நான் என்ன சொல்றேன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன்மேல இருக்கிற ஆசையில கால்வாசிகூட என்மேல இல்லே!”

ஒப்பனைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணே, அந்த ‘அவன்’ வேஷத்துல செத்துக் கிடந்ததே நீங்கதானே? சாய ரத்தம் காயறதுக்குள்ள சட்டையைக் கழட்டுங்க, நான் துவைக்கணும்.”

“நடிக்கிறது நானா இருந்தா என்ன? அவன்கிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசறாளா?”

மனைவி பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவன்தாங்க நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமக் கிடக்கிறான்!”