மாரிக்கனியின் சம்மதம்

புற்றுநோய் வந்த பிள்ளை ஒன்று தலையாட்டாமல் ஆஸ்பத்திரியில் எந்த விதியும் செல்லாது என்று ஆகிவிட்ட காலம் அது. அதனால் ஊசி ஏறிய கையோடு மாரிக்கனியைத் தள்ளுவண்டியில் வைத்து, விதி போடும் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மூட்டை தூக்குகிற அவள் அப்பன் சுடலைமுத்து பின்னால் நின்றான். அவள் பேரைக்கூடக் கேட்காத பெரிய மனிதர்கள் முந்திரி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

வார்டில் இனிப் பிள்ளைகளுக்குத் துணையாக யாரும் தங்கக் கூடாது, மெஷினே பார்த்துக்கொள்ளும் என்பது அன்றைய விதி. ஆஸ்பத்திரிச் செயலாளர் தேன் ஒழுக வாசித்துவிட்டு, "சரின்னா தலையாட்டும்மா பாப்பா" என்றார்.

"எங்கப்பா இல்லாம..." என்று தொடங்கியவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குனிந்து வாந்தி எடுத்தாள். குனிந்த தலையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தலையாட்டலைப் பதிய எதிரே வைத்திருந்த கேமரா மெஷின் பச்சை விளக்கைப் போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஐயா, பிள்ள வாந்தில்லா எடுக்குது!" என்று சுடலைமுத்து முன்னால் ஓடிவந்தான்.

"மெஷின் ஏத்துக்கிட்டுதேப்பா, நாம என்ன செய்ய?" செயலாளர் மூக்கைப் பொத்தியபடியே அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மாரிக்கனி அந்தப் பொன்னாடையிலேயே வாயைத் துடைத்தாள்.

"இவனுவகிட்ட என்னப்பா கேக்க? நான்தான் உன்னையப் போவச் சொல்லிட்டேனாம். கெளம்பு."